தென்னார்க்காட்டில் பழைய பணத்தாள் சேகரிப்பும் தர மதிப்பீடும்

பழைய பணத்தாள் சேகரிப்பு என்பது புழக்கத்திலிருந்து மறைந்த ரூபாய்த் தாள்களைத் தேடிப் பாதுகாத்து, அவற்றின் வழியாக ஒரு காலத்தின் வாணிகத்தையும் ஆட்சியையும் அறியும் முயற்சியாகும். கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு இதில் தனியிடம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கடலூருக்கு அருகிலேயே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூர் இருந்ததால், இரு அரசுகளின் பணத்தாள்களும் சில மைல் இடைவெளியில் புழங்கின.

பிரிட்டிஷ் இந்தியத் தாள்கள்

1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம், தாள் வெளியிடும் உரிமையை அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த முதல் தாள்கள் ஒருபக்கம் மட்டும் அச்சிடப்பட்டவை. சென்னை வட்டத்தில் வெளியான தாள் அவ்வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். சிதம்பரத்திலிருந்து காசிக்குச் செல்பவர் அங்கே அதை வாங்கிக்கொள்ளுமாறு யாரையும் வற்புறுத்த முடியாது. 1903இல் 5 ரூபாய்த் தாளுக்கும், 1910, 1911ஆம் ஆண்டுகளில் 10, 50, 100 ரூபாய்த் தாள்களுக்கும் இக்கட்டுப்பாடு நீங்கியது.

அஞ்சலில் பணம் களவு போகாதிருக்கத் தாளை இரண்டாக வெட்டி, முதலில் ஒரு பாதியை அனுப்புவர். அது கிடைத்த செய்தி வந்த பின்னரே மறுபாதி செல்லும். பெறுபவர் இரண்டையும் ஒட்டிப் பயன்படுத்துவார்.

பிரெஞ்சிந்தியத் தாள்கள்

1875இல் பாரிசில் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி, பிரெஞ்சிந்தியப் பகுதிகளுக்கு ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் 1 ரூபாயும், 1937 முதல் 5 ரூபாயும் வந்தன. 50 ரூபாய்த் தாளில் ஆளுநர் துய்ப்ளேயின் உருவம் உள்ளது. கடலூரின் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்ற 1746 முதல் பலமுறை முயன்று தோற்றவர் இவரே. 1954இல் இப்பகுதிகள் இந்தியாவுடன் இணைந்தபின் இத்தாள்கள் சேகரிப்புப் பொருள்களாயின.

நிலையை மதிப்பிடுதல்

மடிப்பே இல்லாத, மொடமொடப்புக் குறையாத தாள் ‘யுஎன்சி’ எனப்படும். ஓரிரு மெல்லிய மடிப்புடையது ‘எக்ஸ்எஃப்’. பல மடிப்பிருந்தும் விறைப்புக் குறையாதது ‘விஎஃப்’. துவண்டு போனது ‘ஃபைன்’. கிழிசலும் கறையும் மிகுந்தவை அதற்கும் கீழே வைக்கப்படும்.

இம்மதிப்பீட்டில் முக்கியமானது, புழக்கத்தில் உண்டான தடத்தையும் பிற்காலக் கைவேலையையும் பிரித்தறிவது. வங்கிகள் கட்டுகளைக் கம்பியால் தைத்ததால் இந்தியத் தாள்களில் ஊசித்துளைகள் இயல்பானவை; 2001இல்தான் ரிசர்வ் வங்கி அவ்வழக்கத்தை நிறுத்த ஆணையிட்டது. ஒட்டிய பாதித் தாளின் வெட்டுக்கோடும் தரத்தைக் குறைக்கும். ஆயினும் அது அஞ்சல் வரலாற்றுக்குச் சான்றாகும். அதைப் பிரித்தெடுத்துப் புதிதாக ஒட்டினால் சான்று அழிந்துவிடும்.

தாளைக் கழுவுவதும் இஸ்திரி போடுவதும் மதிப்பைக் கெடுக்கும். கழுவிய தாள் மொடமொடப்பு இழந்து மங்கித் தெரியும். இஸ்திரி போட்டாலும் மடிப்பில் உடைந்த இழைகள் சேராது; சாய்வான வெளிச்சத்தில் அவை காட்டிக்கொடுத்துவிடும். தாளை விற்பவர் இதை மறைத்தால் வாங்குபவர் ஏமாறுவார்.

பாதுகாப்பும் சட்டமும்

கடலோர ஈரப்பதத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சியும் அரிக்கும். 2011 தானே புயல் போன்ற பேரிடரில் நனைந்த தாளை வெயிலில் போடாமல், மையொற்றுத் தாள்களுக்கிடையே வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஒட்டுநாடாவும் லேமினேஷனும் நிரந்தரச் சேதம் தருபவை.

2016இல் செல்லாதவையாக்கப்பட்ட 500, 1000 ரூபாய்த் தாள்களில் ஒருவர் மொத்தம் 10 வரையும், ஆய்வு அல்லது நாணயவியல் நோக்கத்துக்கு 25 வரையும் மட்டுமே வைத்திருக்கலாம் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். பழைய தாளுக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாகக் கூறி முன்பணம் பறிக்கும் மோசடி குறித்து 2021இல் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. தாளின் வகை, அரிமை, நிலை ஆகிய மூன்றையும் அறியாமல் விலை மட்டும் பேசுவோரை நம்பலாகாது.