உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை

பொட்டி தட்டுற பொழப்புல இருக்குற நம்ம மக்களுக்கு இது புதுசா இருக்காது. நாம எழுதின பக்கம் நம்ம மேசையில பறக்கும். வாடிக்கையாளர்கிட்ட போனதும் நொண்டும்.

எனக்கும் நடந்தது. ஆர்டர்களைப் பட்டியல் போடுற சின்னப் பக்கம். 300 ஆர்டர் சேர்ந்ததும் திறக்கவே முக்கால் நிமிஷம் ஆச்சு. நான் கூசாம டேட்டாபேஸைப் பாத்துக்குற அண்ணன் மேல பழியைப் போட்டேன், அதுவும் மேனேஜர் முன்னாடி. அவர் கோவப்படல. லாகைத் திறந்து காட்டினார். ஒரு பக்கத்துக்கு 301 கேள்வி! பட்டியலுக்கு ஒண்ணு, ஒவ்வொரு ஆர்டர்லயும் என்ன பொருள் இருக்குன்னு கேட்டு மீதி 300.

"நான் ஒரு வரி எஸ்க்யூஎல் கூட எழுதலயேண்ணே, எல்லாம் ஓஆர்எம் பாத்துக்குது"ன்னேன். "நீ எழுதலன்னா அப்புறம் யாருப்பா எழுதினது?"ன்னார். அதுக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கொசுவத்தி.

1970-ல ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த எட்கர் காட், தகவலை எல்லாம் டேபிள்களா வைக்கலாம்னு ஒரு கட்டுரை எழுதினார். 1974-ல அங்கேயே சேம்பர்லினும் பாய்ஸும் அதுக்கு ஒரு கேள்வி மொழி செஞ்சாங்க. முதல்ல பேரு சீக்வெல். வேற ஒரு கம்பெனியின் வர்த்தகப் பெயர்னு தகராறு வரவே எஸ்க்யூஎல்னு சுருங்கிடுச்சு.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நார்வேயில சிமுலா 67 வந்தாச்சு. 1970களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துல ஸ்மால்டாக் வளர்ந்தது. இவங்க உலகத்தை ஆப்ஜெக்டா பார்த்தவங்க. ஆப்ஜெக்ட்காரருக்கு ஆர்டர்னா அதுக்குள்ளயே பொருட்கள் உக்காந்திருக்கும். டேபிள்காரருக்கு ஆர்டர் ஒரு டேபிள், பொருட்கள் இன்னொரு டேபிள், நடுவுல ஒரு எண்தான் உறவு. ரெண்டு குடும்பமும் தனித்தனியா வளர்ந்துச்சு. சம்பந்தம் பேச வந்தப்போதான் சிக்கல்!

தரகர் வேலைக்கு வந்ததுதான் ஓஆர்எம். 1990களின் முதல் பாதியில கனடாவின் ஒட்டாவாவுல 'தி ஆப்ஜெக்ட் பீப்பிள்'னு ஒரு கம்பெனி, ஸ்மால்டாக்குக்காக டாப்லிங்க் செஞ்சது. 1994-ல ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியும் 'என்டர்பிரைஸ் ஆப்ஜெக்ட்ஸ் ஃப்ரேம்வொர்க்'னு ஒண்ணு கொண்டு வந்தது.

ஜாவா உலகத்துல 1998-ல இஜேபி வந்தது. அதுல இருந்த என்டிட்டி பீன்னு ஒரு வஸ்து, அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஒரு சின்ன டேபிளுக்கு நாலைஞ்சு ஃபைல், பக்கம் பக்கமா எக்ஸ்எம்எல். இது தாங்காமதான் 2001-ல கேவின் கிங் ஹைபர்நேட்டை ஆரம்பிச்சார். சாதாரண ஜாவா கிளாஸ் எழுது, மீதியை அது பாத்துக்கும். 2006-ல ஜாவா தன் தரத்தையே மாத்தி ஜேபிஏன்னு கொண்டு வந்தப்போ, அதை எழுதின குழுவுல அவரும் இருந்தார் :-)

அந்தப் பக்கம் 2004-ல ரெயில்ஸ், 2005-ல ஜாங்கோ. 2006-ல மைக் பேயர் எஸ்க்யூஎல்ஆல்கெமியை வெளியிட்டார். எஸ்க்யூஎல்லை மறைக்கிறதுக்கில்லை, அதைப் புரிஞ்சு பயன்படுத்துறதுக்குன்னு கட்டினது அது.

சரி, என் 301-க்கு வருவோம். ஆர்டரை எடுக்கும்போதே பொருட்களையும் இழுத்துட்டு வந்தா கனம்னு, தேவைப்படும்போது மட்டும் போய் எடுக்குற வழக்கம் ஓஆர்எம்களில் உண்டு. லேசி லோடிங்னு பேரு. நல்ல குணம்தான். ஆனா 300 ஆர்டரையும் ஒரு லூப்புல போட்டு ஓட்டினா? மளிகைக் கடைக்கு லிஸ்ட் எழுதிக் கொடுத்தா ஒரே நடை. நான் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடைன்னு 300 நடை அனுப்பியிருக்கேன்.

இதுல வெட்கம் என்னன்னா, மார்ட்டின் ஃபௌலர் 2002-ல எழுதின புத்தகத்துலயே இதுக்கு 'ரிப்பிள் லோடிங்'னு பேரு வச்சு எச்சரிச்சிருக்கார். மருந்தும் பெட்டிக்குள்ளயே இருக்கு. ஹைபர்நேட்ல ஜாயின் ஃபெட்ச், ரெயில்ஸ்ல இன்க்ளூட்ஸ், ஜாங்கோவுல ப்ரிஃபெட்ச் ரிலேட்டட். ஒண்ணு ரெண்டு நடையில வேலை முடிஞ்சிடும். போற எஸ்க்யூஎல்லை அப்படியே காட்டுற ஸ்விட்சும் இருக்கு. செஞ்சவங்க யாரும் எதையும் ஒளிச்சு வைக்கல. நான்தான் எட்டிப் பாக்கல.

அந்தப் பக்கத்துல ஒரு வரிதான் மாத்தினேன், கண் சிமிட்டுறதுக்குள்ள திறந்தது. அப்புறம் அதே மேனேஜர் முன்னாடி, "தப்பு டேட்டாபேஸ்ல இல்ல சார், என்னோடது"ன்னு சொன்னேன். வரி மாத்துறதை விட அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அண்ணன் சிரிச்சுக்கிட்டே டீக்குக் கூப்பிட்டார். காசு நான்தான் கொடுத்தேன்.

உங்க பக்கம் எத்தனை நடை போகுதுன்னு இன்னிக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்க மக்களே!