ஸ்பிட்டி போலாமா மச்சி? நாலு பேர், ஒரு கார், ஒன்பது நாள்!

'இந்த வருஷம் கண்டிப்பா போறோம்டா' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்து, மூணே நாளில் மியூட் ஆகிப்போகும் ட்ரிப் ப்ளான்களில் ஸ்பிட்டிக்கு எப்பவும் ஓர் இடம் உண்டு. காரணம் பெரும்பாலும் பயம் இல்லை, பட்ஜெட். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் ஸ்பிட்டி அப்படியொன்றும் பர்ஸைப் பதம் பார்க்கிற ஊர் இல்லை. அங்கே உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இமாச்சலப் பிரதேசத்தில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கும் குளிர்ப் பாலைவனம்தான் ஸ்பிட்டி. மழை மேகங்களை இமயமலை மறித்துவிடுவதால் மரம் பார்ப்பதே அபூர்வம். லாஹௌல் - ஸ்பிட்டி மாவட்டத்தின் பரப்பளவு 13,841 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 31,564 பேர். நம்ம ஊர்ல ஒரு டவுன் பஞ்சாயத்துல இருக்குற கூட்டம், ஒரு மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கு!

உள்ளே போக இரண்டு வழி. ஒன்று, மணாலியில் இருந்து அடல் சுரங்கம், கிராம்ஃபு, குன்ஸும் கணவாய் வழியாக காஸா. சுமார் 200 கிலோமீட்டர்தான். இன்னொன்று, சிம்லாவில் இருந்து கின்னௌர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவது. சுமார் 420 கிலோமீட்டர். 'ஷார்ட் ரூட்டே போலாமே' என்று குரூப்பில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

உயரம்தான் வில்லன்

மணாலி 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தூங்கி எழுந்து, ஒரே நாளில் 4,500 மீட்டரைத் தாண்டும் குன்ஸும் கணவாயை ஏறி இறங்கி, சுமார் 3,700 மீட்டரில் இருக்கும் காஸாவில் படுத்தால் உடம்பு என்ன செய்யும்? காஸாவில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். ஜிம்முக்குப் போகிறவர், போகாதவர் என்று அது பார்ப்பதில்லை. சொல்லப்போனால் ஃபிட்டாக இருப்பவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

சிம்லா வழியில் உயரம் படிப்படியாக ஏறும். முதல் ராத்திரி நார்கண்டா (சுமார் 2,700 மீட்டர்). அடுத்தது கின்னர் கைலாஷ் சிகரம் ஜன்னலில் தெரியும் கல்பா (2,960). மூன்றாவது ராத்திரிக்குப் பலரும் ஏரி இருக்கும் நாக்கோவைச் சொல்வார்கள். ஆனால், அது 3,600 மீட்டருக்கு மேல். ஏரியைப் பார்த்துவிட்டு, கீழே 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவுக்கு இறங்கித் தூங்குவது உடம்புக்கு நல்லது. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, ராத்திரி எங்கே தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொதுவான விதி.

இதில் நண்பர்கள் கூட்டத்துக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. ஒருவனுக்குத் தலை வலிக்கும். 'நம்மால ட்ரிப் கெடக்கூடாது' என்று வாயைத் திறக்க மாட்டான். சொன்னாலும் 'டேய், சீன் போடாத' என்று நாலு பேர் கலாய்ப்பார்கள். 'டென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு மச்சி' என்பான் இன்னொருவன். இந்த அட்வான்ஸ் பேச்சு உயிருக்கே உலை வைக்கலாம். லேசான தலைவலி என்றால் மேலே ஏறாமல் அங்கேயே ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, உளறுவது... இதெல்லாம் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் அறிகுறி. விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும், மருத்துவ உதவியும் வேண்டும்.

'கீழே' எந்தப் பக்கம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காஸாவில் இருந்து மணாலிக்குத் தூரம் குறைவு, ஆனால் நடுவில் குன்ஸும் கணவாய் ஏற வேண்டும். இறங்கும் பாதை தாபோ, ரெக்காங் பியோ பக்கம். சந்திரதாலில் இருந்தால் நேரெதிர்: காஸாவுக்குத் திரும்பாமல் பட்டல், கிராம்ஃபு வழியாக இறங்க வேண்டும். காஸாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 'அசெட்டசோலமைட்' மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து அலர்ஜி இருப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம்

சண்டிகரில் கார் எடுத்து, சிம்லா வழியாக உள்ளே போய் மணாலி வழியாகத் திரும்பினால், காஸாவைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். மலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் 100 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 10,000 ரூபாய். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,500. தங்குவதற்கு ஹோட்டலைத் தேடாமல் ஹோம்ஸ்டேவாகப் பாருங்கள். பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே சேர்ந்துவிடும். மண் சுவர் வீட்டில், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கிற சூடான துக்பாவை எந்த கஃபேயும் தந்துவிட முடியாது.

செலவில் பெரிய தலை, கார் வாடகைதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: ஸ்பிட்டிக்குக் கொண்டுபோக அனுமதி இருக்கிறதா, டயரும் அடிப்பாகமும் அடிவாங்கினால் யார் கணக்கு? இந்த ரோட்டில் அடிவாங்காமல் வராது. காரே வேண்டாம், பட்ஜெட் ரொம்ப டைட் என்றால், ரெக்காங் பியோவில் இருந்து காஸாவுக்கு அரசுப் பேருந்தே போகிறது. விடியற்காலையில் கிளம்பும், சீட் பிடிக்க முன்கூட்டியே போங்கள்.

பெட்ரோலை ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் நிரப்பினால் அடுத்த பங்க் காஸாதான். காஸாவை விட்டால் மணாலிக்குப் போகும் வழியில் எதுவும் இல்லை. பணமும் அப்படியே. காஸாவில் ஏ.டி.எம் உண்டு, ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள்.

பார்க்க என்ன இருக்கு?

தாபோ மடாலயம் கி.பி. 996-ல் கட்டப்பட்டது. வெளியே பார்த்தால் மண் மேடு மாதிரி இருக்கும். உள்ளே இருட்டில் கண் பழகியதும் சுவர் முழுக்க ஓவியங்கள் எழுந்து வரும். போட்டோ எடுக்க அனுமதி இல்லை, நல்லதுதான். 4,166 மீட்டரில் குன்றின் மேல் அடுக்கிவைத்த மாதிரி இருக்கும் கீ மடாலயம் ரீல்ஸில் நீங்கள் ஏற்கெனவே பார்த்ததுதான். ஹிக்கிம் கிராமத் தபால் நிலையத்தில் இருந்து வீட்டுக்கு ஒரு போஸ்ட் கார்டு போடலாம்.

லாங்ஸாவில் மண்ணுக்குள் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த டெத்திஸ் கடலின் மிச்சம். குட்டிப் பசங்க விற்க வருவார்கள். பாவமாக இருந்தாலும் வாங்காதீர்கள், பொறுக்கியும் எடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் மிஞ்சப்போவது ஒன்றுமில்லை.

எப்போ போகலாம்?

செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட்டில் ஸ்பிட்டிக்குள் மழை குறைவுதான், ஆனால் வழியில் இருக்கும் கின்னௌரில் மலைச்சரிவு நிகழும். 2021 ஜூலையில் பட்சேரியில் உருண்டுவந்த பாறைகளால் ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சாரியில் மண் சரிந்து பேருந்தும் கார்களும் புதைந்தன. குன்ஸும் கணவாய் பொதுவாக ஜூனில் இருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

திரும்பும் வழியில் சந்திரதால் ஏரி. கரையில் டென்ட் போடத் தடை. முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான். அங்கிருந்து கிளம்பும் நாளில் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். பட்டல் - கிராம்ஃபு பாதையில் ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடும். வெயில் ஏற ஏற பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் மதியத்துக்குள் காரை இழுக்கிற வேகத்துக்கு வந்துவிடும். முன்னால் போகிற வண்டி எந்த இடத்தில் கடக்கிறது என்று நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள். எதிரே மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவதுதான் மலைச்சாலையின் சட்டம்.

அப்புறம், லோசர் கிராமத்தைத் தாண்டினால் போனில் சிக்னல் காணாமல்போய்விடும். சந்திரதாலிலும் கிடைக்காது. காஸாவில் இருந்து கிளம்பும்போதே அம்மாவுக்கு போன் போட்டு, 'நாளைக்கு ராத்திரி வரைக்கும் லைன் கிடைக்காதும்மா, பயப்படாத' என்று சொல்லிவிடுங்கள்.