லாம்ப்ரூஸ்கோ: சாப்பாட்டை விட்டுப் பிரிஞ்ச ஒயின்

நுரைக்கிற இத்தாலிய ஒயின்னா எல்லாருக்கும் புரொசெக்கோதான் ஞாபகம் வரும். சிவப்பா நுரைக்கிற இன்னொண்ணும் இருக்குங்க, பேரு லாம்ப்ரூஸ்கோ. ஒயின் விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா, "அந்த இனிப்புத் தண்ணியா?"ன்னு ரொம்ப நாளா முகம் சுளிச்சாங்க. அந்தக் கெட்ட பேரு எப்படி வந்துச்சுங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஊரு. வட இத்தாலியில போ நதிச் சமவெளியில இருக்கு எமிலியா. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா, போலோன்யா எல்லாம் இங்கதான். இத்தாலின்னாலே ஆலிவ் எண்ணெய்னு நினைப்போம். ஆனா இங்க பரம்பரைச் சமையல் வெண்ணெயிலயும் பன்றிக்கொழுப்புலயும்தான். உப்புப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல பதப்படுத்துற பார்மா பன்றித்தொடை, போலோன்யாவோட மோர்த்தடெல்லா, பன்றிக்கால் தோலுக்குள்ள கறியை அடைச்சு வேக வைக்கிற மோதெனாவின் ஸம்போனே, கொழுப்புல பொரிக்கிற ஞோக்கோ ஃப்ரித்தோ, கூடவே பார்மிஜானோ சீஸ். படிக்கிறப்பவே திகட்டுதுல்ல? :-)

அந்தத் திகட்டலுக்கு மருந்துதான் லாம்ப்ரூஸ்கோ. புளிப்பும், லேசான துவர்ப்பும், நுரையும் சேர்ந்து நாக்குல படிஞ்ச கொழுப்பைக் கழுவி விட்டுடும். அடுத்த வாய்க்கு நாக்கு ரெடி. பக்கத்து மாந்துவாவுல சூடான சூப்புலயே இதை ஊத்திக் குடிக்கிற வழக்கமும் உண்டு.

இந்த ஜோடியை எந்த நிபுணரும் உக்காந்து சேர்த்து வைக்கல. காட்டுத் திராட்சைக் கொடியை ரோமானியர்கள் 'லப்ரூஸ்கா'ன்னு சொன்னாங்க. வர்ஜில், பிளினி எழுத்துல அந்தச் சொல் வருது. நுரையும் குளிர் தந்த பரிசுதான். பனிக்காலத்துல பாதியில நின்னு போற நொதித்தல், வசந்தத்துல வெயில் பட்டதும் பாட்டிலுக்குள்ளயே மறுபடி ஆரம்பிக்கும். மூடின தொட்டியில நுரைக்க வைக்கிற முறைக்கு மார்த்தினொத்தி 1895ல வழி காட்டினார். 1907ல ஃபிரெஞ்சுக்காரர் ஷார்மா அதை மேம்படுத்தினார். அதுக்கப்புறம்தான் பெரிய அளவுல தயாரிக்க முடிஞ்சது.

அங்கதான் சிக்கல். 1950ல ரெஜ்ஜோ எமிலியாவுல விவசாயிகள் கூட்டுறவா ஆரம்பிச்சது ரியூனித்தே. 1960களோட கடைசியில நியூயார்க்கின் மரியானி சகோதரர்கள் அதை அமெரிக்காவுக்கு இறக்குமதி பண்ணாங்க. இனிப்பா, ஆல்கஹால் கம்மியா, ஐஸ் போட்டுக் குடிங்கன்னு டிவியில விளம்பரம். 1980கள்ல உச்சத்துல ஒரே வருஷத்துல ஒரு கோடிப் பெட்டிக்கும் மேல வித்துச்சு. ஒயின் கப்பலேறிச்சு, பன்றித்தொடையும் ஸம்போனேவும் ஊர்லயே நின்னுடுச்சு. கழுவுறதுக்குக் கொழுப்பே இல்லாத எடத்துல அதோட புளிப்புக்கு என்ன வேலை? அது கிட்டத்தட்ட சோடாவா ஆயிடுச்சு.

விவசாயிகளுக்குக் காசு வந்துச்சு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா 1970லயே சொர்பாரா, கிராஸ்பரோஸ்ஸா, சலமீனோ மூணும் டிஓசி அங்கீகாரம் வாங்கியிருந்தும், உலகத்துக்கு எல்லாம் ஒரே சர்க்கரைத் தண்ணிதான். இனிப்பில்லாத லாம்ப்ரூஸ்கோ மரியாதையை மீட்டெடுக்க இன்னும் பல வருஷம் ஆச்சு.

கடைசியா ஒரு தகவல். சொர்பாரா கொடியோட மகரந்தம் மலடு. பக்கத்துல சலமீனோ கொடி நட்டாத்தான் ஒழுங்கா காய்க்கும். தனியா நிக்க முடியாதுன்னு அந்தக் கொடியே சொல்லுது. நாமதான் கேக்கல.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது வரலாறு மட்டுமே சாமி!