நிதானம்

பதற்றமின்மையைக் குறிக்க இன்று நாம் வழங்கும் 'நிதானம்' என்னும் வடசொல், ரிக்வேதத்தில் பசுவைப் பிணிக்கும் கயிற்றைக் குறித்து, பின்னர்க் காரியத்தைப் பிணைத்து நிற்கும் காரணம் என்று விரிந்து, பௌத்தர்களுடைய பன்னிரு நிதானங்களாகவும், ஆயுர்வேதத்தில் நோயின் மூலத்தை நிர்ணயிக்கும் சாஸ்திரமாகவும் நிலைபெற்றது. சரக சம்ஹிதையின் நிதான ஸ்தானத்துக்கு 8 அத்தியாயங்கள். மாதவகரர் இயற்றிய ரோகவினிச்சயமோ மாதவ நிதானம் என்ற பெயராலேயே பிரசித்தி பெற்றது. வியாதியின் காரணம், முன்குறி, வெளிப்பட்ட லக்ஷணம், எதனால் அது தணிகிறது என்னும் பரீட்சை, உடலில் அது மூண்டு வளர்ந்த விதம் ஆகிய ஐந்தையும் மாணாக்கன் ஆராய வேண்டும் என்பது அம்மரபு. தமிழிலும் 'நிதானித்தல்' என்றால் ஆராய்ந்து தீர்மானித்தல்தான். சாந்தம் என்பது அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய பொறுமையிலிருந்து கிளைத்த பொருள் என்றே கருதுகிறேன். இன்றைய மருத்துவ மாணவர், நோயாளியின் மார்பில் இடக்கை நடுவிரலைப் பதித்து, வலக்கை நடுவிரல் நுனியால் அதன்மேல் தட்டி, நீர் கோத்த இடத்தில் ஓசை மழுங்குவதைச் செவிகூர்ந்து உணர்ந்து, எக்ஸ்ரே வருமுன்னரே நோயை ஊகிக்கிறாரே, அதுவும் நிதானமே. மருத்துவத் தமிழில் இந்தப் பழம்பொருளுக்கு மீண்டும் இடமளிக்க வேண்டுமென்று பெரிதும் விரும்புகிறேன்.