வெப்மாஸ்டர்

வெப்மாஸ்டர் அல்லது இணையதள நிர்வாகி என்பவர் ஓர் இணையதளம் தடையின்றி இயங்குவதற்கும், அதிலுள்ள தகவல் சரியாக இருப்பதற்கும், அதைப் பற்றிப் புகார் வந்தால் பதில் சொல்வதற்கும் பொறுப்பானவர். சர்வர் பராமரிப்பு, பக்கங்களைப் புதுப்பித்தல், பேக்கப் எடுத்தல், தாக்குதல்களைத் தடுத்தல், டொமைன் பெயர் காலாவதியாகுமுன் பணம் கட்டிப் புதுப்பித்தல் எனப் பல வேலைகள் இப்பொறுப்பில் அடங்கும். 1990களில் ஒருவரே பார்த்துவந்த இவ்வேலைகளை இன்று பெரிய நிறுவனங்களில் தனித்தனிக் குழுக்கள் பார்க்கின்றன. பள்ளி, சங்கம், சிறு கடை போன்றவற்றின் தளங்களை இப்போதும் பெரும்பாலும் ஒருவர்தான் கவனித்துக்கொள்கிறார்.

தோற்றம்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1990 இறுதியில் அவருடைய நெக்ஸ்ட் கணினியே உலகின் முதல் வலை சர்வராக இயங்கத் தொடங்கியது. இது சர்வர், அணைக்க வேண்டாம் என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதிய ஒரு சீட்டு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. யாராவது தெரியாமல் அணைத்திருந்தால் அன்றைக்கு வலை முழுவதுமே நின்றுபோயிருக்கும். மென்பொருளை எழுதியதும், முதல் பக்கங்களை ஆக்கியதும், கணினியைக் காத்ததும் அவரே.

ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வலை சர்வர் 1991 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூடத்தில் அமைந்தது. செர்னுக்குச் சென்றிருந்த இயற்பியலாளர் பால் குன்ஸ் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஸ்லாக்கின் ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தை எங்கிருந்தும் தேட வலை உதவும் என்று உடனே உணர்ந்து, அதை நடைமுறைக்குக் கொண்டுவர முனைந்தவர் அங்கிருந்த நூலகர் லூயிஸ் அடிஸ். இவ்வாறு இத்தொழில் தொடக்கத்திலேயே கணினி அறையோடு நூலகத்தையும் தாயகமாகக் கொண்டது. தகவலை ஒழுங்காக அடுக்குவதும் தேடி வருபவருக்கு எடுத்துக் கொடுப்பதும் நூலகரின் வேலை. வலையில் அதுவே வெப்மாஸ்டரின் வேலையாயிற்று.

முகவரியும் கடமையும்

மின்னஞ்சல் சேவை நடத்தும் ஒவ்வொரு இடத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருக்க வேண்டும் என்று 1982இல் வெளிவந்த இணைய நெறிமுறை விதித்திருந்தது. 1992இல் பெர்னர்ஸ்-லீ, அதே முறையில் ஒவ்வொரு வலை சர்வரிலும் 'வெப்மாஸ்டர்' என்ற மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று பரிந்துரைத்தார். சிக்கலைச் சந்திக்கும் வாசகர் யாருக்கு எழுதுவது என்று தேடி அலையக் கூடாது என்பதே நோக்கம். பக்கத்தை ஆக்கியவர் தம் பெயரை அதில் இட வேண்டும், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். 1997 மே மாதம் வெளியான ஓர் இணைய நெறிமுறை இம்முகவரியைப் பொது வழக்கமாகவே வகுத்துவிட்டது.

ஒருவரே எல்லாம் பார்த்த காலம்

1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராபர்ட் மெக்கூல் எழுதிய சர்வர் மென்பொருள் விரைவில் எங்கும் பரவியது. 1994இல் அவர் அங்கிருந்து விலகியதும் அதன் வளர்ச்சி தேங்கியது. அதைப் பயன்படுத்திய வெப்மாஸ்டர்கள் பிழைகளைத் தாங்களே சரிசெய்து, அந்தத் திருத்தங்களை மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பிரையன் பெலன்டார்ஃப் உள்ளிட்ட சிலர் 1995இல் ஒன்றுகூடி இவற்றைத் தொகுத்தனர். அதிலிருந்து பிறந்ததே அப்பாச்சி சர்வர். ஓராண்டுக்குள் அது உலகில் மிக அதிகமாகப் பயன்படும் வலை சர்வராகிவிட்டது. சம்பளத்துக்கு வேலை பார்த்த நிர்வாகிகள் தங்கள் அன்றாடத் தேவைக்காகச் செய்த திருத்தங்கள் உலகப் பொதுச்சொத்தாக மாறியது இத்தொழிலின் பெருமைக்குரிய அத்தியாயம்.

1994இல் மார்ட்டின் கோஸ்டர் மற்றொரு தேவைக்கு வழி கண்டார். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் தளத்தின் எந்தப் பகுதிக்குள் வரலாம், எதற்குள் வரக் கூடாது என்று சொல்லும் 'ரோபோட்ஸ்' கோப்பு அவருடைய முன்மொழிவு. இது 2022இல்தான் முறையான இணையத் தரநிலை ஆனது. அதுவரை ஏறக்குறைய 28 ஆண்டுகள் பரஸ்பர நாணயத்தின் பேரிலேயே நடந்துவந்தது.

வெப்மாஸ்டரின் அன்றாடக் கருவி சர்வரின் பதிவேடான லாக் கோப்பு. வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதில் ஒரு வரி விழும். கேட்ட கணினியின் ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், சர்வர் தந்த பதிலின் எண், அனுப்பிய பைட்டுகளின் அளவு ஆகியவை அதில் இருக்கும். 200 என்றால் பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500 என்றால் கோளாறு சர்வரிலேயே இருக்கிறது. ஒரே பக்கத்துக்கு 404 திரும்பத் திரும்ப விழுந்தால், வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பார்த்து, தவறான இணைப்பைத் திருத்துவார். இடம் மாறிய பக்கமாக இருந்தால் 301 கட்டளையால் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவார்.

பணிகள் பிரிந்த விதம்

1996 டிசம்பரில் சிஎஸ்எஸ் தரநிலை வந்தபின் பக்கத்தின் தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரிக்க முடிந்தது. வடிவமைப்பு தனித் தொழிலாக வளர்ந்தது. 2001இல் வெளியான துருபல், 2003இல் வெளியான வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழி தெரியாதவரும் பக்கங்களை ஏற்ற வழிசெய்தன. செய்தி ஏற்றும் வேலை ஆசிரியர் குழுவிடம் சென்றது. சர்வர் பராமரிப்பு, 2003இல் கூகுளில் உருவான தளநம்பகப் பொறியியலாகவும், 2009இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின் பரவிய, மென்பொருள் உருவாக்கத்தையும் சர்வர் இயக்கத்தையும் இணைக்கும் டெவ்ஆப்ஸ் முறையாகவும் வளர்ந்தது.

புதிய கடமைகளும் சேர்ந்தன. பார்வையற்றோரும் பிற மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல் வழிகாட்டுதல்கள் 1999 மே மாதம் வெளியாயின. படத்துக்கு மாற்றுரை எழுதுவது அதன் எளிய பாடம். அதைச் செய்யாத தளத்தில் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்குப் படம் இருந்தும் இல்லாததுதான். சர்வர்களின் குறியாக்க மென்பொருளில் 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பாதுகாப்புக் குறையின்போது, நிர்வாகிகள் அந்த மென்பொருளைப் புதுப்பித்ததோடு சான்றிதழ்களையும் மாற்றி, கடவுச்சொல்லை மாற்றும்படி பயனர்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குக்கீ ஒப்புதல் போன்ற சட்டப் பொறுப்புகளைக் கூட்டியது.

தமிழ் இணையத்தில்

தமிழ்த் தள நிர்வாகிகளுக்கு ஆங்கிலத் தள நிர்வாகிகளுக்கு இல்லாத ஒரு சுமை இருந்தது. 1990களில் தளத்துக்குத் தளம் எழுத்துருக் குறியீடு வேறுபட்டது. குறிப்பிட்ட எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் தெரிவது பொருளற்ற குறிகள்தான். எனவே எழுத்துருவைத் தருவதும், நிறுவும் முறையை விளக்குவதும் நிர்வாகியின் வேலையாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு, இக்குழப்பத்தைத் தீர்க்க டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை டிஸ்கி என்ற மற்றொரு தமிழ்க் குறியீட்டில் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கி, பின்னர் அவற்றை உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் இப்பணியைச் செய்தனர். சங்க இலக்கியம் முதல் இக்கால நூல்கள்வரை இன்று எந்தக் கைப்பேசியிலும் படிக்க முடிவதில் இவர்களின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்றைய நிலை

பதவிப் பெயர் வழக்கொழிந்து வருகிறது. கூகுள் தன் 'வெப்மாஸ்டர் டூல்ஸ்' சேவையின் பெயரை 2015இல் 'சர்ச் கன்சோல்' என்று மாற்றியது. 2020 நவம்பரில் 'வெப்மாஸ்டர் சென்ட்ரல்' என்ற பெயரையும் கைவிட்டது.

வேலை பிரிந்ததால் ஒவ்வொரு துறையிலும் தரம் கூடியது. ஆனால் தளம் முழுவதற்கும் பதில் சொல்பவர் யார் என்ற கேள்வி எழுந்தது. பக்க முகவரிகளை மாற்றக் கூடாது என்று பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். ஆயினும் 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. மென்பொருளை மாற்றும் குழுவும் தோற்றத்தை மாற்றும் குழுவும் பழைய முகவரிகள் தங்கள் பொறுப்பல்ல என்று நினைத்தால் இதுதான் நடக்கும்.

இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009இல் வெளியானபோது, ஒவ்வொரு துறையும் ஒரு வலைத் தகவல் மேலாளரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தைத் தளத்திலேயே வெளியிட வேண்டும் என்று கூறின. முதியோர் உதவித்தொகைப் படிவம் திறக்கவில்லை என்றால் குடிமகன் எழுத வேண்டிய முகவரி அது. எத்தனை குழுக்கள் சேர்ந்து தளத்தை நடத்தினாலும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும் என்ற இந்த ஏற்பாடு அரசுத் தளங்களுக்கு மட்டுமல்ல, பொதுமக்கள் நம்பி வரும் எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும்.