சூடானிய மருத்துவிச்சிகளும் பெண்ணுறுப்புச் சிதைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

சமூகத் தீமை ஒன்றினை ஒழிப்பதற்கு அதன் தீங்கினை எடுத்துரைத்தலே போதுமானது என்னும் கருத்துப் பரவலாக உண்டு. ஆரம்ப சுகாதாரப் பணியாளருக்கு அறிவூட்டினால் அவர்வழி மக்கள் அறிவு பெறுவர். மக்கள் அறிவு பெறின் தீமை தானாகவே மறையும் என்பது இக்கருத்தின் உட்கிடையாகும். இது எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை வட சூடானின் மருத்துவிச்சிகளது வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவத் தேவை எதுவுமின்றிப் பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பைப் பகுதியாகவோ முழுமையாகவோ அகற்றுதல், அல்லது வேறு வகையிற் காயப்படுத்துதல், பெண்ணுறுப்புச் சிதைப்பு எனப்படும். வட சூடானில் நெடுங்காலமாக மேலோங்கியிருந்தது 'பாரோனிய முறை' என வழங்கும் மிகக் கடுமையான வகையாகும். உறுப்பின் பாகங்களை வெட்டி நீக்கியபின் எஞ்சிய இருமருங்கும் ஒன்றாகப் பொருந்துமாறு மூடப்பட்டு, சிறு துவாரம் மட்டுமே விடப்படும். இதற்கு உள்ளாவோர் பெரும்பாலும் சிறுமியரே. இரத்தப் பெருக்கு, தொற்று, சிறுநீர்த் தடை, மகப்பேற்று இடர் என்பன இதன் விளைவுகளாம். மகப்பேற்றின்போது மூடிய பகுதியை வெட்டித் திறத்தலும் பின்னர் மீளத் தைத்தலும் வழக்கமாயின. எனவே, சிறுமிப் பருவத்தில் ஒருமுறை வரும் மருத்துவிச்சி, பின்னர் ஒவ்வொரு பிரசவத்தின் போதும் வேண்டப்படுபவளானாள். அவளது வருவாயும் ஊரில் அவள் பெற்ற மதிப்பும் இவ்வழக்கத்துடன் பிணைந்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

1899 முதல் சூடான் ஆங்கில-எகிப்தியக் கூட்டாட்சியின் கீழ் இருந்தது. 1921 இல் ஒம்டுர்மானில் மருத்துவிச்சிகளுக்கான பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. அதனை நடத்தியவர் மேபல் வுல்ஃப் என்னும் பிரித்தானிய மாது ஆவார். அவர்தம் சகோதரி கெர்ட்ரூட் வுல்ஃப் பின்னர் அவருடன் இணைந்து பணியாற்றினார். மாணவியருட் பலர் எழுத்தறிவற்றோராயினும், மருந்துகளை மணத்தினால் இனங்காணல் போன்ற வழிகளில் அவர்கள் பயிற்றப்பட்டனர். மகப்பேற்றைப் பாதுகாப்பானதாக்கியதில் இப்பாடசாலைக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும் இப்பயிற்சிக்கு மற்றொரு பக்கமும் இருந்தது. வழக்கத்தை நேரடியாக எதிர்ப்பின் பயிற்சி பெற்றவளை மக்கள் புறக்கணித்து, பழைய 'தாயா' எனப்படும் மரபுவழி மருத்துவிச்சியையே நாடுவர் என்னும் அச்சம் நிலவியது. ஆகவே தொற்றுநீக்கிகளைப் பயன்படுத்தி, கடுமை குறைந்த வகையிற் சிதைப்பைச் செய்தலும் அங்குக் கற்பிக்கப்பட்டது. படிப்படியாக வழக்கம் மறையும் என்பது வுல்ஃப் அம்மையாரின் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. தீங்கினைக் குறைக்க எண்ணிய பயிற்சி, செயலுக்கே அரசாங்கத்தின் அங்கீகாரத்தை அளிப்பதாயிற்று. அறிவு கத்தியை நிறுத்தவில்லை, அதனைத் தூய்மைப்படுத்தியது.

அடுத்து, சட்டத்தின் துணை நாடப்பட்டது. 1945 இல் சூடான் மருத்துவ சேவை இவ்வழக்கத்தின் தீங்குகளை விளக்கும் பிரசுரம் ஒன்றை வெளியிட்டது. 1946 இல் பாரோனிய முறை குற்றமாக்கப்பட்டது. இலேசான வகை தண்டனைக்கு உட்படவில்லை. அவ்வாண்டிலேயே றுபா என்னும் ஊரில் ஒரு பெண் கைது செய்யப்பட்டபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மஹ்மூத் முகம்மது தாஹா ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்நியராட்சியின் சட்டம் என்பதனால், பெண்ணின் உடல்நலம் பற்றிய வினா அரசியல் சுதந்திரம் பற்றிய வினாவினுள் அமிழ்ந்து போயிற்று. அவ்வாரவாரத்தில் சிறுமியரின் குரல் எவர்க்கும் கேட்கவில்லை.

சுதந்திரம் 1956 இற் கிட்டியது, வழக்கமோ நீங்கவில்லை. 1979 இல் உலக சுகாதார நிறுவனம் கார்ட்டூமில் நடத்திய கருத்தரங்கில், மருத்துவச் சூழலில் இலேசான வகையை அனுமதிக்கலாம் என்னும் ஆலோசனை எழுந்து, நிராகரிக்கப்பட்டது. 1982 இல், சுகாதாரத் துறையினர் எச்சந்தர்ப்பத்திலும் இதனைச் செய்யலாகாது என அந்நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டில் சூடானிய வைத்தியரான அஸ்மா எல் தரீர், வட சூடானில் தாம் நடத்திய விரிவான ஆய்வினை நூலாக வெளியிட்டார். வெளியார் கூற்று என ஒதுக்கமுடியாதவாறு, அச்சமூகத்தின் உள்ளிருந்தே எழுந்த குரல் அது.

எனினும், 2014 இல் நிகழ்ந்த கணிப்பீட்டின்படி 15 முதல் 49 வயது வரையான சூடானியப் பெண்களுள் 86.6 வீதத்தினர் இதற்கு உள்ளாகியிருந்தனர். அண்மைக்காலங்களில் சிறுமியர்க்கு இதனைச் செய்வோருட் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரே, குறிப்பாக மருத்துவிச்சிகளே, என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பான முடிவு. 2020 இல் சூடான் எல்லா வகைச் சிதைப்பையும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2023 ஏப்ரலில் மூண்ட போரோ சுகாதார அமைப்பையே சிதைத்துவிட்டது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சூடானிய மருத்துவிச்சி அறியாமையினால் மட்டும் கத்தியை எடுத்தவளல்லள். இரத்தப் பெருக்கையும் பிரசவ வேதனையையும் அவளைவிட நேரிற் கண்டவர் எவருமிலர். ஊதியம் குறைந்தவளாய், ஊராரின் தயவில் வாழ்ந்தவளாய், மறுத்தால் வேறொருத்தி செய்வாள் என்பதனை உணர்ந்தவளாய் அவள் இயங்கினாள். எனவே பணியாளரின் விழிப்புணர்வு எனப்படுவது நோய்களின் பட்டியலை மனனஞ் செய்வதன்று. இலேசான வகையும் சிதைப்பே எனத் தெளிதல், கேட்டுவரும் தாயுடன் பகையின்றிப் பேசி மறுத்தல், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பெண்ணைப் பழிக்காது பராமரித்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கவேண்டும். மறுப்பவளின் ஊதியத்தையும் மதிப்பையும் காப்பது அரசின் கடமை. அக்கடமை நிறைவேறாதவரை, அவளுக்கு ஊட்டப்படும் அறிவின் குறைக்கு விலை செலுத்துவோர் சிறுமியராகவே இருப்பர்.