நுங்கம்பாக்கத்திலிருந்து வந்த திருக்கணிதம்

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்கள் வாக்கியம், திருக்கணிதம் என இரு வகையாகப் பிரிந்து நிற்பதன் வரலாறு, ஒருபுறம் காஞ்சிப் பகுதியின் இடைக்காலக் கணித மரபையும் மறுபுறம் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய வானாய்வகத்தையும் தொட்டுச் செல்கிறது. காஞ்சிபுரம், உத்திரமேரூர், காவாந்தண்டலம் முதலிய ஊர்களைக் கொண்ட இந்நிலப்பகுதியில் திதி பார்க்கவும் திருவிழா நாள் குறிக்கவும் நெடுங்காலம் துணைநின்றது வாக்கிய முறையே. அதன் அடிப்படை நூலாகிய ‘வாக்கியகரணம்’ 1300-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்றும், பெயர் தெரியாத அதன் ஆசிரியர் காஞ்சியைச் சேர்ந்தவராகலாம் என்றும் ஆய்வாளர் கருதுவர்.

வாக்கியம் என்பது எண்களை எழுத்துகளில் மறைத்துவைத்த சிறு சொற்றொடர். நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடைவதை ஒரு சுற்றாகக் கொண்டால், ஏறத்தாழ 248 நாளில் ஒன்பது சுற்றுகள் முடிகின்றன. ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர், ஏடு எதையும் புரட்டாமலே நிலவின் இருப்பிடத்தைச் சொல்லிவிட முடிந்தது. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை முன்னர் வகித்த ஜான் வாரன், 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் அடுக்கியும் நகர்த்தியும், எதையும் எழுதிக்கொள்ளாமல், அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்துள்ளார். நுங்கம்பாக்கத்தில் இருந்த அதே வானாய்வகத்திலோ, கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பொறிப்புகள் வெட்டப்பட்டன. ஆசியாவில் கணித அறிவியல்கள் பிரிட்டிஷாரின் தாராளத்தால் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அதன் நோக்கமாம். வாரனின் நூலைப் படித்தவர்க்கு அந்தப் பெருமிதம் சற்று மிகையாகவே தோன்றும்.

ஆயினும் வாக்கியக் கணிதத்தில் ஒரு குறை இருந்தது. நிலவின் ஓட்டத்தைக் கதிரவனின் ஈர்ப்பும் மாற்றுகிறது. அந்த மாற்றம் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் பழைய கணக்குக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கிரகணங்கள் பெரிதும் பொருந்தி வந்தன. அஷ்டமியை ஒட்டிய நாள்களிலோ நிலவின் இடம் இரண்டரைப் பாகை வரை விலகக்கூடும். கதிரவனைவிட நிலவு பன்னிரண்டு பாகை முந்திச் செல்லும் காலமே ஒரு திதி ஆதலால், இவ்விலகல் ஏறத்தாழ ஐந்து மணிநேரம், அதாவது பன்னிரண்டு நாழிகை வேறுபாடாக விரியும். கிரகணம் சொன்னபடி நிகழ்வதைக் கண்டு பஞ்சாங்கத்தை நம்பிய மக்கள், கண்ணால் சரிபார்க்க இயலாத அஷ்டமியில் அது தவறுவதை அறிய வழியே இல்லை.

இக்குறையைக் கருவியின் துணையோடு அணுகியவர் நுங்கம்பாக்க வானாய்வகத்தின் முதல் உதவியாளராக உயர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1861-இல் பொறுப்பேற்ற நார்மன் போக்சனின் கீழ், விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் கருவியில் பல்லாண்டு உழைத்த அவர், 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். சென்னையில் அது தென் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய பதினான்கு பாகை உயரமே எழும் என்பதால், அதன் ஒளி கூடிக் குறைவதைக் கவனிக்கக் கூர்ந்த கண்ணும் பொறுமையும் வேண்டும். 1868 ஆகஸ்ட் 18-இன் முழுச் சூரிய கிரகணத்தைப் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரிலும் நோக்கியபோது, நிஜாம் ஆட்சிப்பகுதியின் வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு ரகுநாதாச்சாரியே தலைமை தாங்கினார். 1872-இல் அவர் லண்டனின் ராயல் வானியல் சங்கத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதில் இடம்பெற்ற முதல் இந்தியர்களுள் அவர் ஒருவர்.

லண்டன் சங்கத்தில் இடம்பெற்றதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே அவரது தனிச்சிறப்பு. 1874 டிசம்பர் 9-இல் வெள்ளிக்கோள் கதிரவ வட்டத்தைக் கடக்கவிருந்தது. வெவ்வேறு ஊர்களில் அது கடக்கும் நேரத்தை ஒப்பிட்டுக் கதிரவனின் தொலைவை அளக்க உலகமே ஆயத்தமானது. அந்நிகழ்வை விளக்கி அவர் நூலொன்று எழுதினார். இந்திய மொழி வாசகர்க்கென, மரபுவழி வானியல் கணிதரான சித்தாந்தி ஒருவரோடு நிகழும் உரையாடலாக அதை அமைத்தார். கண்டறிந்த அளவீடுகளோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அச்சில் கொண்டுவந்து பரப்பியதும் அவர் பணியே. 1880-இல் அவர் மறைந்தார்.

விடுதலைக்குப் பின், விண்மீன் நிறமாலைகளை அயனியாக்கக் கோட்பாட்டால் விளக்கிய இயற்பியலாளர் மேக்நாத் சாகாவின் தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1955-இல் அளித்த அறிக்கையில் தற்கால வானியல் அளவுகளையே பஞ்சாங்கத்துக்கு அடிப்படையாகக் கொண்டது. கோயில்களோ பெரும்பாலும் வாக்கியத்தைக் கைவிடவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சியைத் திருநள்ளாறு கோயில் அவ்வாண்டு டிசம்பர் 20-இல் கொண்டாடியது.